சிவாஜிக்கு ஏன் சிறந்த நடிகர் தேசிய விருது கிடைக்கவில்லை? தில்லித் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தில்லியில் நாலு தமிழர்கள் ஓரிடத்தில் சேர்ந்தால் பேச்சு குளிர், மாசு, ஊருக்குப் போக ரயில் டிக்கெட் என்று சுற்றி, இரண்டாவது காபிக்குள் சினிமாவுக்கு வந்துவிடும். சினிமாவுக்கு வந்தால் தேசிய விருது. தேசிய விருது என்றால் சிவாஜி. விருது கொடுக்கும் விக்யான் பவன் இதே ஊரில் இருப்பதாலோ என்னவோ, நமக்கு இந்த ஆதங்கம் கொஞ்சம் கூடுதல். ஆர்.கே. புரத்திலும் மயூர் விஹாரிலும் கரோல் பாக்கிலும் நண்பர்கள் வீட்டுக் கூடங்களில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். நான் சிவாஜி ரசிகன்தான். அதனால் பதில்களைக் கொஞ்சம் கழித்துப் படிக்க விரும்புபவர்கள் கழித்துக்கொள்ளலாம்.

கேள்வி: சிறந்த நடிகருக்கான தேசிய விருதை அவர் வாங்கியதே இல்லையா? நிஜமாகவா?

நிஜம்தான். ஒருமுறைகூட இல்லை. முதல் தடவை கேட்பவர்கள் நம்பமாட்டார்கள். "எதற்கோ கொடுத்தார்களே" என்பார்கள். கொடுத்தவை வேறு. 1960-ல் கெய்ரோவில் நடந்த ஆப்பிரிக்க ஆசியத் திரைப்பட விழாவில் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்துக்காகச் சிறந்த நடிகர் விருது. 1966-ல் பத்மஸ்ரீ, 1984-ல் பத்மபூஷண், 1995-ல் பிரெஞ்சு அரசின் செவாலியே, 1996-ஆம் ஆண்டுக்கான தாதாசாகேப் பால்கே. 'தேவர் மகன்' படத்துக்கு நடுவர் குழுவின் சிறப்பு விருது ஒன்று அறிவிக்கப்பட்டது. அந்தக் கதை பிறகு. சிறந்த நடிகர் என்ற அந்த ஒரு விருதுக்கு எதிரே மட்டும் அவர் பெயர் இல்லை.

கேள்வி: கட்டபொம்மனுக்கே கொடுத்திருக்க வேண்டாமா? பாசமலருக்கு? கர்ணனுக்கு?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது, இதற்குத்தான் பதில் ரொம்பச் சுலபம். அந்தப் படங்கள் வந்தபோது அப்படியொரு விருதே கிடையாது.

தேசிய விருதுகள் 1954-ல் தொடங்கின. ஆரம்பத்தில் படங்களுக்குத்தான் விருது: குடியரசுத் தலைவரின் தங்கப் பதக்கம், வெள்ளிப் பதக்கம், தகுதிச் சான்றிதழ் என்று. நடிகர், நடிகைக்குத் தனி விருது வந்தது 1967-ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான். முதல் சிறந்த நடிகர் வங்காளத்தின் உத்தம் குமார். முதல் சிறந்த நடிகை நர்கிஸ். அந்த நாளில் நடிகர் விருதுக்கு 'பாரத்', நடிகை விருதுக்கு 'ஊர்வசி' என்று பெயர்.

இப்போது சிவாஜியின் கணக்கை எடுங்கள். 'பராசக்தி' 1952. 'அந்த நாள்' 1954. 'உத்தம புத்திரன்' 1958. 'கட்டபொம்மன்' 1959. 'பாவமன்னிப்பு', 'பாசமலர்', 'பாலும் பழமும்' மூன்றும் 1961 என்ற ஒரே வருஷத்தில். 'கர்ணன்', 'நவராத்திரி' 1964. 'திருவிளையாடல்' 1965. ரசிகர்கள் மேஜையைத் தட்டிச் சொல்லும் படங்களில் முக்கால்வாசி 1967-க்கு முந்தியவை. அந்தப் பதினைந்து வருஷத்துக்கு எந்த நடுவரையும் குற்றம் சொல்ல முடியாது. தாமதமாக விருதை ஆரம்பித்த அரசாங்கத்தை வேண்டுமானால் சொல்லலாம்.

இதைச் சொன்னதும் கூடத்தில் ஒரு அமைதி வரும். பிறகு யாராவது ஒரு மாமா தொண்டையைக் கனைத்துக்கொண்டு அடுத்த கேள்விக்கு வருவார்.

கேள்வி: சரி, 1967-க்குப் பிறகு? அப்போதும்தானே உச்சத்தில் இருந்தார்?

இருந்தார். அதனால் இனிமேல்தான் வழக்கு. ஆனால் வழக்கை ஒழுங்காக நடத்தவேண்டும். "இவர் பெரிய நடிகர், ஆகவே கொடுத்திருக்கவேண்டும்" என்பது வாதம் ஆகாது. அந்தந்த வருஷம் யாருக்குப் போனது, அவரைவிட இவர் எந்த இடத்தில் மேல் என்று காட்டவேண்டும்.

1968: சிவாஜிக்கு 'தில்லானா மோகனாம்பாள்', 'உயர்ந்த மனிதன்'. விருது 'ஆசீர்வாத்' படத்துக்காக அசோக் குமாருக்கு. 1969: சிவாஜி மூன்று வேடத்தில் 'தெய்வமகன்', அந்தப் படத்தை இந்தியா ஆஸ்காருக்கே அனுப்பியது. விருது 'புவன் ஷோம்' உத்பல் தத்துக்கு. 1970: 'வியட்நாம் வீடு' பிரஸ்டீஜ் பத்மநாபன். விருது 'தஸ்தக்' சஞ்சீவ் குமாருக்கு. 1972-ல் மறுபடி சஞ்சீவ் குமார், 'கோஷிஷ்'. 1973: சிவாஜிக்கு 'கௌரவம்', விருது 'நிர்மால்யம்' படத்தில் வெளிச்சப்பாடாக, அதாவது கோயிலில் அருள்வாக்குச் சொல்பவராக வந்த பி.ஜே. ஆண்டனிக்கு.

ஒவ்வொன்றாக எடைபோட்டால் என் தீர்ப்பு இது. 1969-ல் எனக்குப் புகார் இல்லை; 'புவன் ஷோம்' உத்பல் தத்தை யாராலும் தள்ள முடியாது. 1972-ல் பேச முடியாத, காது கேளாத மனிதராகவே வாழ்ந்த சஞ்சீவ் குமாருக்கு எதிராகவும் வாயைத் திறக்கமாட்டேன். 1973-ல் 'நிர்மால்யம்' கடைசிக் காட்சியைப் பார்த்தவர்கள் அதன் பிறகு 'கௌரவம்' படத்தில் சிவாஜி போட்ட பாரிஸ்டர் ரஜினிகாந்த் வேடத்தின் பெயரை எடுக்கத் தயங்குவார்கள். 1970 இழுபறி. 1968-ல்தான் எனக்கு நிஜமான வருத்தம்.

சஞ்சீவ் குமார் பற்றி ஒரு சின்னத் தகவல், இந்திக்கார நண்பர்களிடம் சொல்ல உதவும். சிவாஜி ஒன்பது வேடத்தில் நடித்த 'நவராத்திரி'யை 1974-ல் இந்தியில் 'நயா தின் நயி ராத்' என்று எடுத்தார்கள். அந்த ஒன்பது வேடத்தையும் போட்டவர் சஞ்சீவ் குமார்.

கேள்வி: 1968-ல் என்ன அவ்வளவு வருத்தம்?

அந்த வருஷம் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது 'தில்லானா மோகனாம்பா'ளுக்குத்தான் கிடைத்தது. ஆகவே நடுவர்கள் படத்தைப் பார்த்திருக்கிறார்கள். இந்த ஒன்று முக்கியம், மனதில் வையுங்கள்: தயாரிப்பாளர் விண்ணப்பித்து அனுப்பிய படத்தைத்தான் நடுவர்கள் பார்ப்பார்கள். அனுப்பாத படம் அவர்கள் கண்ணிலேயே படாது. "ஏன் கொடுக்கவில்லை" என்று கேட்பதற்கு முன்னால் "அனுப்பினார்களா" என்று கேட்கவேண்டும். 'தில்லானா' விஷயத்தில் அந்தச் சந்தேகத்துக்கு இடமில்லை.

சிக்கல் சண்முகசுந்தரம் நாதஸ்வரத்தை எடுக்கும் காட்சிகளைச் சத்தத்தை அணைத்துவிட்டு ஒருமுறை பாருங்கள். வாசித்தவர்கள் மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். ஆனால் மூச்சை இழுத்துக் கன்னத்தில் நிறுத்துவது, நெடிய பிடியின்போது கழுத்து நரம்பு புடைப்பது, வரி முடிந்ததும் உதட்டிலிருந்து சீவாளியை எடுக்கிற அந்த அலட்சியம் எல்லாம் இவருடையது. 'நலந்தானா' பாட்டில் காயம்பட்ட உடம்போடு உட்கார்ந்திருக்கிறார். எதிரே பத்மினி ஆடியபடியே நலம் விசாரிக்கிறார். சபை நடுவே இவருக்குப் பதில் சொல்ல வழியில்லை, வாயில் நாதஸ்வரம். அத்தனை பதிலும் கண்ணில். இந்தக் காட்சிக்கு மொழிபெயர்ப்பே வேண்டாம்.

கேள்வி: 1971-ல் எம்.ஜி.ஆருக்குக் கொடுத்தார்களே, அது எப்படி?

இந்தக் கேள்வி வந்தால் வீட்டுக்காரம்மா பிஸ்கட் தட்டை நகர்த்தி வைத்துவிடுவது நல்லது.

1971-ஆம் ஆண்டுக்கான சிறந்த நடிகர் விருது 'ரிக்‌ஷாக்காரன்' படத்துக்காக எம்.ஜி.ஆருக்கு. தமிழ்ப் படத்துக்காக இந்த விருதை வாங்கிய முதல் நடிகர் அவர்தான். அதே 1971-ல், தீபாவளிக்கு, சிவாஜியின் 'பாபு' வந்தது. அதில் சிவாஜிக்கு என்ன வேடம் தெரியுமா? கைரிக்‌ஷா இழுப்பவர்! மலையாள எழுத்தாளர் கேசவதேவின் நாவலிலிருந்து வந்த கதை. ஒரே வருஷம், ஒரே மொழி, இரண்டு ரிக்‌ஷாக்காரர்கள். கிண்டல் பண்ணுவதற்கென்றே யாரோ ஏற்பாடு செய்தமாதிரி.

எம்.ஜி.ஆருக்கு நடிப்பு வராது என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. ஒரு கூட்டத்தைக் கண்பார்வையால் கட்டிப்போடுவதும் வித்தைதான். ஆனால் அவர் படங்களிலேயே நடிப்புக்காக ஒன்றை எடுக்கச் சொன்னால் என் கை 1966-ல் வந்த 'பெற்றால்தான் பிள்ளையா'வுக்குத்தான் போகும், 'ரிக்‌ஷாக்கார'னுக்குப் போகாது. 'பாபு'வில் சிவாஜி முதுமையில் இருமிக்கொண்டே வண்டி இழுக்கும் பகுதியை அதன் பக்கத்தில் வைத்தால் என் ஓட்டு எது என்று சொல்லத் தேவையில்லை.

கேள்வி: அப்படியானால் அரசியல்தானே காரணம்?

சாஸ்திரி பவனிலும் நார்த் பிளாக்கிலும் காலமெல்லாம் ஃபைல் பார்த்து ஓய்வுபெற்றவர்கள் நம் வட்டத்தில் நிறைய. அவர்களுக்கு எல்லா ஃபைலுக்குப் பின்னாலும் ஒரு தொலைபேசி அழைப்பு தெரியும். 1971-க்கு அவர்கள் சொல்லும் கணக்கு கேட்க நன்றாகத்தான் இருக்கும். அந்த வருஷ மக்களவைத் தேர்தலில் இந்திரா காந்தியோடு தி.மு.க. கூட்டணி. எம்.ஜி.ஆர். தி.மு.க.வில். சிவாஜி காமராஜரோடு எதிர் அணியில். விருது யாருக்குப் போகும், நீயே சொல் என்பார்கள்.

காலமும் சூழ்நிலையும் பொருந்துகின்றன. சாட்சியம் மட்டும் யாரிடமும் இல்லை. அதைவிடப் பெரிய சங்கடம், இதே கணக்கை 1985-க்குப் போட்டால் விடை தலைகீழாக வருகிறது. காமராஜர் மறைவுக்குப் பிறகு சிவாஜி இந்திரா காங்கிரஸுக்கு வந்துவிட்டார். 1982-ல் மாநிலங்களவை உறுப்பினராக நியமிக்கப்பட்டார். 1985-ல் தில்லியில் ஆளுங்கட்சி அவருடைய கட்சி, அவர் எம்.பி. நாடாளுமன்றத்துக்கும் விக்யான் பவனுக்கும் ஆட்டோவில் போனால் மீட்டர்கூட அதிகம் ஓடாது. அரசியல்தான் விருதைத் தீர்மானிக்கிறது என்றால் அந்த வருஷம் அவருக்குத்தானே வந்திருக்கவேண்டும்? வரவில்லை.

கேள்வி: என் ஆபீஸில் இந்திக்காரர்களும் வங்காளிகளும் "உங்கள் சிவாஜி ஓவர் ஆக்டிங்" என்கிறார்கள். என்ன பதில் சொல்வது?

முதலில், கோபப்படாதீர்கள். அவர்கள் பார்த்தது பெரும்பாலும் கட்டபொம்மன் வசனக் காட்சியின் ஒரு துண்டு, அதுவும் கைப்பேசியில்.

சிவாஜி சிறுவயதில் நாடகக் கம்பெனியில் சேர்ந்து வளர்ந்தவர். பாய்ஸ் கம்பெனி என்பது ஒரு குருகுலம். பெண் வேடம், கிழவர் வேடம், ராஜா வேடம் எல்லாம் போட்டுப் பழக்குவார்கள். ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் முகம் தெரியவேண்டும், குரல் கேட்கவேண்டும். 'சிவாஜி' என்ற பெயரே அண்ணா எழுதிய நாடகத்தில் சத்ரபதியாக நடித்ததற்காகப் பெரியார் கொடுத்தது. அந்த மரபிலிருந்து வந்த அளவு அது. கதகளி பார்த்துவிட்டு "கண்ணை ஏன் இவ்வளவு உருட்டுகிறார்" என்று யாரும் கேட்பதில்லை.

இன்னொரு பதில், நான் அதிகம் பயன்படுத்துவது: 'அந்த நாள்' போட்டுக் காட்டுங்கள். 1954. பாட்டே கிடையாது. எதிரி நாட்டுக்குத் தகவல் விற்கும் ரேடியோ இன்ஜினியராக வருகிறார். ஏ.வி.எம். தயாரிப்பு, எஸ். பாலசந்தர் இயக்கம். அந்தப் படத்தில் குரலை உயர்த்தாமல், புருவத்தைக்கூட அளந்து தூக்கி நடித்திருக்கிறார். இருபத்தைந்து இருபத்தாறு வயதில் அடக்கி நடிக்கத் தெரிந்தவர், பிறகு கொட்டி நடித்தார் என்றால் அது தெரியாமல் செய்தது ஆகுமா? இயக்குநர் கேட்டார், ஜனங்கள் கேட்டார்கள், அவருக்கும் பிடித்திருந்தது.

இதையும் ஒப்புக்கொள்கிறேன்: எழுபதுகளின் நடுவிலிருந்து அவருடைய பல படங்களில் அளவு தாண்டியது. இளம் நாயகிகளோடு டூயட், விக், நாலு பக்க வசனம். அதே காலத்தில் விருது நடுவர்களின் ரசனை வேறு பக்கம் திரும்பியிருந்தது. 1974-ல் 'அங்குர்' சாது மெஹர், 1975-ல் 'சோமன துடி' வாசுதேவ ராவ், 1977-ல் 'கொடியேற்றம்' கோபி, 1979-ல் 'ஸ்பர்ஷ்' நஸீருதீன் ஷா, 1981-ல் ஓம் புரி. பேர் தெரியாத முகங்கள், மெல்லிய குரல்கள், கிராமத்து வெயில். அந்த வரிசையில் 'தங்கப்பதக்கம்' எஸ்.பி. சௌத்ரியை நிறுத்தினால் அவர் வேறு கிரகத்திலிருந்து வந்தவர்போல இருப்பார். நடுவர்கள் சிவாஜியை வெறுத்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. அவர்களுக்கு அந்த வகை நடிப்பே விருதுக்கு உரியதாகத் தோன்றவில்லை. 1982-ல் 'மூன்றாம் பிறை'க்காகக் கமல் வாங்கியபோது, தமிழிலும் நடிப்பின் சுருதி மாறியிருந்தது.

கேள்வி: அப்போ, நியாயமாகப் பார்த்தால் எந்த வருஷம் அநியாயம்?

1985. 'முதல் மரியாதை'. என்னுடைய முழு வழக்கும் இந்த ஒரு படத்தின் மேல்தான் நிற்கிறது.

காரணம் சொல்கிறேன். மேலே சொன்ன "ஓவர் ஆக்டிங்" வாதம் இங்கே செல்லாது. பாரதிராஜா அவரை விக் இல்லாமல், வசன மழை இல்லாமல், வேட்டி துண்டோடு ஆற்றங்கரையில் நிறுத்திவிட்டார். மலைச்சாமி ஊர்ப் பெரியவர். மாமாவின் மானத்தைக் காப்பாற்ற, வேறொருவனால் கர்ப்பமான பெண்ணைக் கட்டிக்கொண்டு, அந்த ரகசியத்தை ஆயுசு முழுக்கச் சுமப்பவர். வீட்டில் பொன்னாத்தாளாக வடிவுக்கரசி சோறு போடுவதே வசவோடுதான். ஆற்றங்கரையில் பரிசல்காரக் குயிலாக ராதா.

இளவட்டக்கல் காட்சி எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். வயசுப் பையன்கள் தூக்குகிற கல்லை இந்த மனுஷன் தூக்கப் பார்க்கிறார். கல்லைச் சுற்றி ஒரு நடை. யாராவது பார்க்கிறார்களா என்று ஒரு பார்வை. மூச்சைப் பிடித்துக் குனிவது. கல் தோளுக்கு ஏறும்போது முகத்தில் இரத்தம் ஏறுகிறது, கால் நடுங்குகிறது. தூக்கிவிட்டார் என்றதும் அந்தக் கிழட்டு முகத்தில் வரும் சந்தோஷமும், அதைக் குயில் பார்த்துவிட்டாள் என்று தெரிந்ததும் வரும் வெட்கமும்! ஐம்பத்தாறு வயது நடிகர், மூன்று தலைமுறைக்கு வீர வசனம் பேசியவர், ஒரு வார்த்தை பேசாமல் இதைச் செய்கிறார். பழைய ரசிகர்களுக்கு இதுவும் சிவாஜிதானா என்று சந்தேகம் வந்தது. நடுவர்கள் பத்து வருஷமாக எந்த நடிப்பைத் தேடிக்கொண்டிருந்தார்களோ, அதே நடிப்பு.

இரண்டாவது காரணம், நடுவர்கள் படத்தைப் பார்த்திருக்கிறார்கள். அந்த 33-ஆவது தேசிய விருதுகளில் சிறந்த தமிழ்ப் படம் 'முதல் மரியாதை'. அதன் பாடல்களுக்காக வைரமுத்துவுக்கு விருது. படம் பிடித்திருக்கிறது, பாட்டு பிடித்திருக்கிறது. படத்தைச் சாகும்வரை தோளில் சுமந்தவர் மட்டும் விட்டுப்போனார்.

கேள்வி: அந்த வருஷம் யாருக்குப் போனது?

சஷி கபூருக்கு, 'நியூ டெல்லி டைம்ஸ்' படத்துக்காக. நம்ம ஊர்ப் படம்! தில்லியில் ஒரு பத்திரிகை ஆசிரியர், ஒரு எம்.எல்.ஏ. கொலை, அரசியல்வாதிகள் பத்திரிகையை எப்படிக் கருவியாக்குகிறார்கள் என்பது கதை. ரமேஷ் சர்மா இயக்கம், குல்சார் திரைக்கதை, சத்யஜித் ராயின் ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா கேமரா. நல்ல படம். எண்பதுகளின் தில்லிக் குளிர்காலத்தை அறிந்தவர்களுக்கு அந்தத் தெருக்களும் பத்திரிகை ஆபீஸும் நெஞ்சில் ஒட்டிக்கொள்ளும்.

சஷி கபூர் அதில் மோசம் என்று நான் சொன்னதாக யாரும் போய்ச் சொல்லவேண்டாம். கண்ணியமான, அளவான நடிப்பு. 'ஜுனூன்', 'கல்யுக்' மாதிரிப் படங்களைக் கைக்காசு போட்டுத் தயாரித்த மனிதர் என்ற மரியாதையும் எனக்கு உண்டு. ஆனால் அந்த ஆசிரியர் வேடத்தில் நடிகருக்குச் செய்ய இருப்பது குறைவு. அவர் விசாரிக்கிறார், சந்தேகப்படுகிறார், ஏமாறுகிறார். கதை அவரைச் சுற்றி ஓடுகிறது. மலைச்சாமியில் கதை மலைச்சாமியின் உள்ளேயே ஓடுகிறது. வசூல் நாயகனாக இருந்தவர் அடக்கமான நடிப்புக்கு வந்தார் என்பதற்காகச் சஷி கபூரைப் பாராட்டினார்கள் என்றால், அந்தப் பாராட்டு சிவாஜிக்கு இரட்டிப்பாகப் பொருந்தும். அவர் கடந்து வந்த தூரம் அதிகம்.

கேள்வி: வடக்கே நம்மை மதிப்பதில்லை என்பதுதானே அடிப்படைக் காரணம்?

இந்த ஊரில் ஆட்டோக்காரர் முதல் வீட்டுக்காரர் வரை எல்லோரிடமும் "மதராசி" பட்டம் வாங்கியவர்களுக்கு இப்படித் தோன்றுவதில் ஆச்சரியமில்லை. ஆனால் இந்த வழக்கில் அது நிற்காது. அதே 1985 விருதுகளில் 'சிந்து பைரவி'க்காகச் சிறந்த நடிகை சுஹாசினி, சிறந்த இசை இளையராஜா, சிறந்த பின்னணிப் பாடகி சித்ரா. தமிழுக்கு அவ்வளவு நல்ல வருஷங்கள் குறைவு. மறு வருஷம் சிறந்த நடிகர் நம்ம சாருஹாசன், கன்னடப் படமான 'தபரன கதெ'க்காக.

மொத்தமாகப் பார்த்தாலும் தமிழ்ப் படங்களுக்காகச் சிறந்த நடிகர் விருது: எம்.ஜி.ஆர். ஒன்று, கமல் மூன்று, 'மூன்றாம் பிறை', 'நாயகன்', 'இந்தியன்', 'பிதாமகன்' விக்ரம், 'காஞ்சிவரம்' பிரகாஷ்ராஜ், தனுஷ் இரண்டு, 'ஆடுகளம்', 'அசுரன்', 'சூரரைப் போற்று' சூர்யா. புறக்கணிக்கப்பட்ட மொழியின் பட்டியல் மாதிரியா இருக்கிறது?

கேள்வி: 'தேவர் மகன்' விருதை அவர் ஏன் ஏற்கவில்லை?

1992-ஆம் ஆண்டுக்கான விருதுகளில் பெரிய தேவர் வேடத்துக்காக நடுவர் குழுவின் சிறப்பு விருது அறிவித்தார்கள். அவர் வாங்கிக்கொள்ளவில்லை. அந்த வருஷச் சிறந்த நடிகர் 'தஹாதேர் கதா' மிதுன் சக்ரவர்த்தி.

படத்தின் பாதியிலேயே பெரிய தேவர் இறந்துவிடுகிறார், நாயகன் கமல். ஆகவே சிறந்த நடிகர் பிரிவில் வைப்பது சிரமம்தான். துணை நடிகர் என்று சொன்னால் யாருக்கும் வாய் வராது. சிறப்பு விருது என்று ஒரு நடுவழி கண்டார்கள் போலிருக்கிறது. நாற்பது வருஷம் நாயகனாக நடித்தவருக்கு, சிறந்த நடிகர் என்று ஒருமுறையும் சொல்லாதவர்கள் கடைசியில் "சிறப்பு" என்று கொடுத்தால் எப்படி இருக்கும்? வேண்டாம் என்று இருந்துவிட்டதில் எனக்குச் சம்மதம்.

கேள்வி: பால்கே கொடுத்தார்களே, அது போதாதா?

போதாது. பால்கே ஆயுள் முழுக்க உழைத்ததற்கு. இந்தக் காட்சியில், இந்த வேடத்தில், இந்த வருஷம் இவரைவிட யாரும் மேலில்லை என்று அது சொல்வதில்லை. நடிகர்கள் கேட்க ஆசைப்படுவது அந்த இரண்டாவதைத்தான்.

கேள்வி: சிவாஜியை விடுங்கள். உண்மையாகவே வாய்ப்பில்லாமல் போனவர்கள் யார்?

இந்தக் கேள்வியை யாரும் அதிகம் கேட்பதில்லை; கேட்கவேண்டும். துணை நடிகர், துணை நடிகைக்கான தேசிய விருது 1984-ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான் வந்தது. டி.எஸ். பாலையா 1972-ல் போய்விட்டார். எஸ்.வி. ரங்காராவ் 1974-ல். எம்.ஆர். ராதா 1979-ல். 'தில்லானா'வில் தவில்காரராக வந்த பாலையாவை நினைத்துப் பாருங்கள். சிவாஜி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே காட்சியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வார்! அவருக்கு இந்த விருதுக்குப் போட்டியிடவே வழியில்லை. நாகேஷுக்கு 'நம்மவர்' படத்தில் 1994-ல்தான் வந்தது. மனோரமாவுக்கு 'புதிய பாதை'. இரண்டுமே அவர்கள் உச்சம் தாண்டிய பிறகு.

கேள்வி: 'ஜெய் பீம்' விஷயத்திலும் இதுதானே நடந்தது?

நொய்டா, குருகிராம் பிள்ளைகள் கேட்பது இது. அவர்களுக்கு சிவாஜி தாத்தா காலம். 2021-ஆம் ஆண்டுக்கான விருதுகளில் சிறந்த நடிகர் 'புஷ்பா' அல்லு அர்ஜுன். 'ஜெய் பீம்' எந்தப் பிரிவிலும் இல்லை. மணிகண்டனும் லிஜோமோளும் அந்தப் பட்டியலில் இல்லாததை என்னால் இன்றும் ஜீரணிக்க முடியவில்லை. ஆனால் அதே விருதுகளில் 'கடைசி விவசாயி' சிறந்த தமிழ்ப் படம்; அதில் நடித்த நல்லாண்டி என்ற நிஜ விவசாயிக்கு, அவர் இறந்த பிறகு, சிறப்புக் குறிப்பு கிடைத்தது. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நடைமுறையைத் தெரிந்துகொள்வதும் நல்லது. இப்போது தேர்வு இரண்டு அடுக்கு. வட்டார நடுவர் குழுக்கள் முதலில் பார்த்துச் சலித்து அனுப்பும். பிறகு தில்லியில் மையக் குழு. ஆஸ்கார் மாதிரி ஐந்து பேர் பட்டியல் வெளியிடுவதில்லை. யார் யார் கடைசிவரை போட்டியில் இருந்தார்கள் என்பது நமக்குத் தெரியாது. அதனால்தான் ஒவ்வொரு வருஷமும் ஆளுக்கொரு கதை.

கேள்வி: 1985-ல் இருவருக்கும் பகிர்ந்து கொடுத்திருக்கலாமே?

கொடுத்திருந்தால் நானும் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன். பின்னாளில் அது சகஜமாகிவிட்டது. 1998-ல் மம்மூட்டியும் அஜய் தேவ்கனும்; 2010-ல் தனுஷும் சலீம் குமாரும்; 2019-ல் தனுஷும் மனோஜ் பாஜ்பாயும்; 2023-க்கு ஷாருக் கானும் விக்ராந்த் மாஸியும். பகிர்வில் விருதின் எடை குறைகிறது என்பவர்கள் உண்டு. சஷி கபூருக்கும் சிவாஜிக்கும் சேர்த்து அறிவித்திருந்தால் எடை எங்கே குறைந்திருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: உங்களோடு வாதாட வருகிறவர்களுக்கு ஏதாவது நிபந்தனை உண்டா?

ஒன்று உண்டு. 'முதல் மரியாதை'யை எல்லோரும் பார்த்திருக்கிறோம். 'நியூ டெல்லி டைம்ஸ்' பார்த்த தமிழர் எத்தனை பேர்? ஒரு காலத்தில் தூர்தர்ஷன் ஞாயிறு மதியம் மாநில மொழிப் படங்களைப் போட்டது. தமிழ் முறை வரும் வாரத்துக்காகச் சரோஜினி நகர் குவார்ட்டர்ஸ் மொத்தமும் காத்திருந்தது. அந்தத் தயவில்தான் நம் வீட்டுப் பெரியவர்கள் வங்காளமும் கன்னடமும் மலையாளமும் பார்த்தார்கள். அந்தப் பழக்கம் போன பிறகு, எதிர்த் தரப்புப் படத்தைப் பார்க்காமலே தீர்ப்புச் சொல்கிறோம். ஆகவே சஷி கபூர் படத்தை முதலிலிருந்து கடைசிவரை பார்த்துவிட்டு வாருங்கள். அவருக்குக் கொடுத்ததுதான் சரி என்று தோன்றினால், அதை எந்தக் காட்சியை வைத்துச் சொல்கிறீர்கள் என்று குறித்துக்கொண்டு வாருங்கள். மயூர் விஹார் ஃபேஸ் 1, ஞாயிறு சாயங்காலம், டிகிரி காபி என் பொறுப்பு.